வார்டு நிதிக்குச் சாமி சிபாரிசு

மனு எழுதுகிறவளுக்குக் காது நன்றாகக் கேட்க வேண்டும், வாய் அடங்கியிருக்க வேண்டும். எனக்கு முதலாவது மட்டும்தான் உண்டு, அப்படியும் தாராவியில் இந்த வேலையில் பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். எங்கள் கார்ப்பரேட்டர் (ஊரில் கவுன்சிலர் என்பார்கள்) ஆபீசில் ஜனங்கள் தமிழில் சொல்வதை மராத்தியில் எழுதி மாநகராட்சிக்கு அனுப்புவது என் வேலை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பொதுஜனத்தைச் சமாளிக்கிற சகோதர சகோதரிகளே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

இந்த வருஷம் எங்கள் சந்தில் ஒரே ஒரு வேலைக்குத்தான் வார்டு நிதி என்று சொல்லிவிட்டார்கள். முதல் மனு செல்லம்மா அக்காவுடையது. வீட்டில் முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவர். பெண்களுக்கு இருந்த ஒரே கழிப்பறையும் இடிந்து இரண்டு வருஷமாகிறது, மெயின் ரோட்டைத் தாண்டிப் போய் வரிசையில் நிற்கிறோம், புதிதாக ஒன்று கட்டித் தாருங்கள் என்று கேட்டிருந்தார். இதைவிட நியாயமான மனுவை நான் எழுதியதில்லை. மறுநாளே போட்டி ஆரம்பித்தது.

பலகை ஒரு முழம்

அம்மன் கோயில் கமிட்டிச் செயலாளர் முருகையா அண்ணாச்சி அலங்கார வளைவு கேட்டு வந்தார். சர்க்கார் பணத்தில் கோயில் வேலை செய்ய முடியாது என்றேன். வளைவு கோயிலுக்கு இல்லை, தெருவுக்கு. தெருப் பெயர்ப் பலகை என்று எழுது என்றார். கையோடு படமும் கொண்டுவந்திருந்தார். பலகை ஒரு முழம் இருந்தது. அதற்கு மேல் ஐந்து நிலைக் கோபுரம், இரண்டு பக்கமும் சிங்கம்.

படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மனுஷனுக்கு நிஜமாகவே வருத்தம். “சிங்கத்த வேணும்னா எடுத்துருவோம்மா, கோபுரம் இல்லாம தெரு எப்படித் தெரியும்?”

கண்ணை மூடு

அடுத்தது எங்கள் சர்ச். பொருளாளர் ஞானதுரை மாமாவிடம்தான் நான் ஞாயிறு பள்ளி படித்தேன். சர்ச் கேட் வரைக்கும் பேவர் பிளாக் போட வேண்டுமாம். நான் விதியைச் சொல்ல வாயெடுப்பதற்குள், “முதல்ல ஜெபிப்போம்” என்று கண்ணை மூடிவிட்டார். பின்னால் ரேஷன் கார்டுக்கு நின்றவர்களும், நமக்கேன் வம்பு என்று மூடிக்கொண்டார்கள்.

ஜெபத்துக்குள்ளேயே கேட் முதல் முனைக்குழாய் வரை அளவு, கல்லின் நிறம் எல்லாம் வந்துவிட்டது. “இந்தப் பிள்ளையின் கையாலே இதை நிறைவேற்றும் ஆண்டவரே” என்று முடித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். சொன்னால் சம்மதித்ததாகிவிடும் என்று நான் மட்டும் சும்மா இருந்தேன். மாமா ஒரு கண்ணைத் திறந்தார். “ஆமென் சொல்லக்கூடவா ரூல் பாக்க, பிள்ள?”

இருவர் கூட்டணி

கழிப்பறைக்கு மாநகராட்சியின் காலி இடம் ஒன்றே ஒன்றுதான். கோயிலின் பின்சுவருக்கும் சர்ச்சின் பக்கச்சுவருக்கும் நடுவில். விஷயம் வெளியே வந்ததும், கோயில் ஸ்பீக்கரா சர்ச் ஸ்பீக்கரா என்ற சண்டைக்குப் பிறகு முகம் பார்க்காத அண்ணாச்சியும் மாமாவும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். புனிதமான இடத்துக்குப் பக்கத்தில் சண்டாஸ் கட்டுவதா என்று கேட்டார்கள். கழிப்பறைக்கு பம்பாயில் அதுதான் பெயர். வேறு எங்கே கட்டுவது என்று நான் கேட்டேன். அண்ணாச்சிதான் குரலைத் தணித்துச் சொன்னார்: “நாங்க இப்பத்தாம்மா பேசவே ஆரம்பிச்சிருக்கோம், அதக் கெடுத்துராத.”

அக்கா சொன்னது

இரண்டு கமிட்டியும் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் ஃபைல் நகரும். சனிக்கிழமை எல்லாரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டேன். செல்லம்மா அக்கா பத்துப் பெண்களோடு வந்தார். அண்ணாச்சி எழுந்து, “அம்மன் கோயில் கொடைக்கு நம்ம பொம்பளைய பச்சத்தண்ணி பல்லுல படாம வெரதம் இருக்காவ. அந்த பக்தி உள்ள எடத்துல சண்டாஸா?” என்றார். மாமாவும் விடவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனையில் எங்கள் சபைப் பெண்கள் தண்ணீர் கேட்டதே இல்லை என்றார். இருவர் முகத்திலும் அவ்வளவு பெருமை.

அக்கா உட்கார்ந்தபடியே சொன்னார். “வெரதமும் இல்ல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. குடிச்சா எங்க போவ? அதான் குடிக்கல.”

மாமா என்னைப் பார்த்து, “நீயுமா?” என்றார். ஆமாம் மாமா என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. மனு எழுதுவதே தொழிலாக இருந்தும், என் கதையான இதை ஒரு மனுவிலும் நான் எழுதியதில்லை. அண்ணாச்சி மெதுவாகப் பேனாவை எடுத்தார். அவர் மனைவியும் அந்தப் பத்துப் பேரில் இருந்தார். மாமா ஜெபிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

மனுவில் காரணம் என்ற கட்டத்தில் பக்தர்களின் வசதிக்காக என்று எழுதப் போனேன். செல்லம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “பக்தின்னு எழுதாத பிள்ள, தண்ணி குடிக்காம கிட்னில கல்லு வந்துட்டுன்னு எழுது. டாக்டர் சீட்டு இருக்கு.”

வார்டு நிதி கேட்டு சாமி பேரோடு வந்தவர்களை எண்ணி மாளாது. சாமி மட்டும் இதுவரை என்னிடம் ஒரு மனுவும் போட்டதில்லை.