மாதா விளக்கை அணைத்த இரவு

நனைந்த தார்ப்பாய், பெட்ரோல் வாடை, அதோடு கலந்த மெழுகுவத்திப் புகை... லிங்கராஜபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த சந்து நினைவுக்கு வந்தால் முதலில் மூக்கில் ஏறுவது இதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அப்பாவுக்கு நிமோனியா வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து ஆக்ஸிஜன் மெஷினோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கரண்டில் ஓடும் மெஷின். மூக்கில் எப்போதும் குழாய். குழாயை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் உதடு நீலமாகும்.

மாதா திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் பேய்மழை. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. காலையில்தான் ஆள் வரும் என்றார்கள். பாலத்தடியில் தண்ணீர், ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாது. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டர் ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம்.

சந்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய அபார்ட்மென்ட். லாரி சைஸில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வயர் கேட்டு ஓடினேன். செக்யூரிட்டி "ஆகல்ல மேடம்" என்று கன்னடத்தில் கையை விரித்தார். செக்ரெட்டரி குடையோடு இறங்கி வந்தார். "இன்னைக்கு உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்கம்மா. ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல."

அவருக்குப் பின்னால் கலர் லைட்டோடு ஃபவுண்டன் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டுகிற மழையில், ஃபவுண்டன்.

திரும்பி வந்தால் எங்கள் ஜன்னலுக்கு வயர் ஏறியிருந்தது. சந்து முனையில் மாதா கெபி, குகை மாதிரி கட்டிய சின்னக் கோயில். திருவிழா அலங்காரத்துக்காக, அதன் வேலைகளைப் பார்க்கிற அருள் அண்ணன் ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் கொண்டு வந்து வைத்திருந்தார். யாரும் கேட்காமலே இழுத்திருக்கிறார். "மொதல்ல அப்பா மெஷின மாட்டும்மா. பேச்செல்லாம் அப்புறம்."

மெஷின் உறும ஆரம்பித்ததும் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் அருள் அண்ணன் டேங்கைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்த லோடுல ஓடுனா நடுராத்திரி தாண்டாது." பங்க்கிலும் கரண்ட் இல்லை, மூடிவிட்டார்கள். பழைய பைக்குகளில் டியூபைக் கழற்றிக் கொஞ்சம் பெட்ரோல் பிடித்தோம். அதுவும் விடியும் வரை காணாது. லோடைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

உடனே என்ன செய்தோம் தெரியுமா? அந்த ஜெனரேட்டரில் மாட்டியிருந்த போன் சார்ஜர்களைப் பிடுங்கினோம். கடைசி ஷெட்டில் இருந்த கட்டட வேலைக்காரக் குடும்பத்தின் ஒரே ஒரு பல்பையும் பிடுங்கினோம். செக்ரெட்டரியைத் திட்டிய வாய் காயவில்லை... அதற்குள் எங்கள் கையும் இருப்பதிலேயே சின்ன ஆளிடம்தான் போனது.

எஞ்சின் சத்தம் துளியும் குறையவில்லை. எப்படிக் குறையும்? மாதா மேல் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்த இரண்டு ஹாலஜென் விளக்குகள்தான் பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருந்தன. எல்லோருக்கும் கண் இருந்தது. ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவை கீழ்வீட்டு ஃபிலோமினா அக்காவின் நேர்த்திக்கடன். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து மகளுக்குக் குழந்தை பிறந்ததற்காக, திருவிழாவுக்கு முந்தின இரவு முழுக்க மாதா வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்று வேண்டியிருந்தார்.

அருள் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "நேர்ச்சைல நா கை வெக்க மாட்டேன்மா. நீயே கேட்டுப் பாரு."

எப்படிக் கேட்பது? நாங்கள் வாடகைக்கு வந்தவர்கள், சர்ச்சுக்கு இல்லை, கோயிலுக்குப் போகிறவர்கள். அக்கா தார்ப்பாய்க்குக் கீழே ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். போய் நின்றேன். ஹாலஜெனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்னடி முழிக்கிற? அணைக்கச் சொல்ல வாய் வரலியா?"

"இல்லக்கா... உங்க நேர்ச்சை..."

"மாட்டுத் தொழுவத்துல, இருட்டுல புள்ள பெத்தவடி அவ. அவளுக்கு ஹாலஜென் கேக்குதா?" எழுந்து போய் இரண்டு பிளக்கையும் அவரே பிடுங்கினார். அருள் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். "நீ ஏன்டா அருளு மூஞ்ச தூக்கி வெச்சிருக்க? மாதா உங்கிட்ட வந்து கம்ப்ளெயின்ட் பண்ணாளா?"

சந்து மொத்தமும் இருட்டு. எஞ்சின் மட்டும், கத்திக்கொண்டிருந்த ஆள் திடீரென்று சாதாரணமாகப் பேச ஆரம்பித்த மாதிரி இறங்கி ஓடியது. ஷெட்டுக்கு அந்த ஒரு பல்பைத் திரும்ப மாட்டிக் கொடுத்தோம். அது குடிப்பது ஒன்றுமே இல்லை.

நடுவில் ஒருமுறை நிறுத்தித்தான் ஆக வேண்டும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றினால் பற்றிக்கொள்ளும். அப்பாவைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு எஞ்சின் ஆறும் வரை காத்திருந்தோம். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு ஆபீஸ் இல்ல?" என்று கேட்டார். மனுஷனுக்கு அந்த நேரத்தில் அதுதான் கவலை.

பெட்ரோல் ஊற்றி, அருள் அண்ணன் கயிற்றை இழுத்தார். செருமிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தார். பிடித்துக்கொண்டது. அம்மா மாதா பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுத்தாள்.

முதல் பூசைக்கு ஜனங்கள் கிளம்பும்போதும் அது ஓடிக்கொண்டிருந்தது. வெயில் ஏறின பிறகு கரண்ட் வந்தது. ஃபிலோமினா அக்கா முதல் வேலையாக இரண்டு ஹாலஜெனையும் போட்டார், பளீரென்ற வெயிலில். "பாக்கி வெக்கக் கூடாதுல்ல" என்றார். நாள் முழுக்க எரிந்தது. ஒருவரும் அணைக்கச் சொல்லவில்லை.

இப்போது நாங்கள் இருப்பதும் ஒரு அபார்ட்மென்ட்டில்தான். கரண்ட் போனால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது. அந்த ஒரு நொடிக்கு லிஃப்ட் நின்றதென்று க்ரூப்பில் சண்டை போடுகிறார்கள். போன மழையில், பின்னால் இருக்கும் சந்துக்கு ஒரு லைன் விடலாமே என்று எழுதினேன். யாரோ ஒருத்தர் கட்டைவிரல் போட்டார். அடுத்த மெசேஜ் பார்க்கிங் பற்றி. நானும் விடப் போவதில்லை, மறுபடி எழுதுவேன்... ஆனால் எனக்குத் தெரியும், இங்கே யாரும் எதையும் பிடுங்க எழுந்து வர மாட்டார்கள்.

அப்பா மெஷினைத் திருப்பிக் கொடுத்து வருஷங்கள் ஆயிற்று. இப்போது ஊரைக் கூட்டுகிற குறட்டை. அம்மா தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிடுகிறாள். "காது கிழியுதுடி, நீயாவது உங்கப்பாகிட்ட சொல்லக் கூடாதா?"

நான் எதற்குச் சொல்லப் போகிறேன்.