குருமனை வாசலில்

மேரி பிறந்தது ஒரு குருமனையில், வாழ்க்கைப்பட்டது இன்னொரு குருமனைக்கு. அப்பா போதகர், புருஷனும் போதகர். மாற்றல் வந்தால் பெட்டியைக் கட்டுவதும் அடுத்த ஊரில் அவிழ்ப்பதுமாகவே ஐம்பது வயது ஓடிவிட்டது. சொந்தமென்று ஒரு குடிசைகூடக் கிடையாது. குருமனை என்றால் குரு இருக்கும் வரை இருக்கிற மனை. வெள்ளைக்காரர்கள் இதற்கு வைத்திருந்த ஒரு பெயருக்கும் வேரில் ‘தங்குதல்’ என்றுதான் பொருள் என்று புருஷன் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அவர் கண்மூடியது ஐம்பத்தெட்டாம் வருஷம். புதுப் போதகர் வருகிறார், வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சபையிலிருந்து ஆள் வந்து சொல்லிப் போனார். மேரிக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கே போவதென்றும் தெரியவில்லை.

சேதி பஞ்சாட்சரத்தின் காதுக்கு எட்டியது. ஊரில் பாதி நிலம் அவருடையது. போதகரை ‘ஐயர்’ என்று வாய் நிறையக் கூப்பிட்டுப் பழகியவர். புதுப் போதகரின் மாட்டுவண்டி வந்த அன்று, ஆட்களோடு வந்து குருமனை வாசலை மறித்துக்கொண்டார்.

“யம்மா, நீ கம்முனு இரு. பெருமாள் கோயில் பட்டாச்சாரியார் செத்தாரே, அவரு வூட்ட யாராவது புடுங்கிக்கினாங்களா? புள்ளைங்கதான இருக்குதுங்க. ஐயர் வூடு உனக்குத்தான்.”

கோயில் மானியத்தையே பார்த்து வளர்ந்தவருக்கு வேறெப்படித் தோன்றும்? மேரி பேசாமல் இருந்தால் போதும், வீடு அவளுக்குத்தான். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வண்டியில் புதுப் போதகரின் மனைவி கைக்குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தாள். மேரியும் அப்படித்தான் ஊர் ஊராக வந்து இறங்கியவள்.

“இல்ல நைனா. கோயில் மானியம் வம்சத்துக்கு. இது வேலைக்குக் குடுத்த வூடு. நேத்து எங்க ஐயர் இருந்தாரு, இன்னிக்கு இவங்க. வழி வுடுங்க.”

“அப்ப நீ எங்க போவ?”

“உங்க தெருவுல ஒரு ரூம்பு இருந்தா குடுங்க. வாடகைக்கு இருந்துக்கறேன்.”

பஞ்சாட்சரம் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். வீட்டையே வாங்கித் தரக் கிளம்பி வந்த கூட்டம், வேதக்காரிக்குத் தன் தெருவில் ஓர் அறை என்றதும் வாயை மூடிக்கொண்டது.

“நாலு பேரக் கேட்டுச் சொல்றேன்மா” என்றார்.

அந்த நாலு பேரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். சாயங்காலம் மேரி செங்கல்பட்டு பஸ் ஏறியபோது, பெட்டியைத் தூக்கிவிட வந்தவர் புதுப் போதகர் மட்டும்தான்.