பூத்த எருவும் பொய் அட்டையும்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். மம்சாபுரத்தில் ஒரு பண்ணையாரின் தோட்டத்தை, விளைச்சலில் பங்கு கொடுப்பதாக வாரத்துக்கு எடுத்துப் பயிர் செய்துவந்தோம். கணவருக்கு இராஜபாளையம் பஞ்சாலையில் வேலை. தோட்டம் முழுக்க என் பொறுப்பு. அந்த வருஷம் மிளகாய் நாற்று இரண்டு தடவை பாவியும் தங்கவில்லை. இரண்டு இலை விட்டதும் தண்டு அடியில் அழுகி, பாத்தியோடு சாய்ந்து கிடக்கும். 

பண்ணைக் காரியஸ்தர் வந்தார். "ஏட்டி, இந்தத் தடவையும் நாத்து போச்சுன்னா நெலத்த வேற ஆளுக்கு விட்ருவேன், பாத்துக்கோ" என்றவர், பூசணத்தைக் கொல்லும் மயில்துத்தத் தூள் ஒரு பொட்டலம் கொடுத்துத் தூவச் சொன்னார். என்னிடம் மிஞ்சியிருந்ததோ ஒரு கை விதை.

எனக்கு வேறு யோசனை இருந்தது. எருக்குழி ஓரத்தில் தானாக முளைத்த மிளகாய்க் கன்றுகள் ஒன்றுகூடச் சாகவில்லை. அந்த இடத்து மக்கிய எருவில் மாவு தூவியதுபோலப் பச்சையாக ஏதோ படர்ந்திருந்தது. 'எரு பூத்திருக்கு' என்போம். அதை அள்ளி, வேப்பம்புண்ணாக்கு கலந்து, ஈரச்சாக்கு போட்டு நிழலில் மூடிவைத்தேன். ஒரு வாரத்தில் மொத்தமும் பூத்துவிட்டது. ஒரு பாத்தியில் அதைக் கலந்து பாதி விதையைப் பாவினேன். மறுபாதியை இன்னொரு பாத்தியில் பாவி, அவர் கொடுத்த தூளைத் தூவினேன்.

நாற்று தலைகாட்டிய சமயம் காரியஸ்தர் வந்து பார்த்துவிட்டு ஆடிய ஆட்டம் இருக்கிறதே! "பூசணம் புடிச்சுத்தான் நாத்து சாவுது. நீ பூசணத்தையே அள்ளிப் போட்டுருக்கியே, கிறுக்கு புடிச்சிருச்சா?" என்று வேலையாட்கள் முன்னால் கத்தினார். செருப்புக்காலால் பாத்தியை எத்தினார். ஓரத்து நாற்றெல்லாம் நசுங்கிப்போனது.  நிலம் போய்விடுமே என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

தூள் போட்ட பாத்தி வேர் கருகிப் போனது. அவர் மிதித்தது போக மிஞ்சிய நாற்று மட்டும் தளதளவென்று ஒரு சாண் உயரம் நின்றது.

ஆடித் தேர் சமயம் ஸ்ரீவில்லிபுத்தூரில் விவசாயக் கண்காட்சி வைத்தார்கள். "நல்ல நாத்தா மண்ணோட பேத்து, பெட்டியில வச்சுச் சொமந்துட்டு வா" என்றார் காரியஸ்தர். எத்தினவர் வாயிலிருந்தே ஒரு நல்ல வார்த்தை வராதா என்ற ஆசை எனக்கு. சுமந்துகொண்டு போனேன். பெட்டியை இறக்கியதும் அதன்மேல் ஓர் அட்டையைச் சாத்திவைத்தார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். அது அவருக்குத் தெரியாது. 'மயில்துத்தம் தூவி, பண்ணைக் காரியஸ்தர் மேற்பார்வையில் நோயின்றி வளர்த்த நாற்று' என்று எழுதியிருந்தது.

அடப்பாவி! நிலமாவது மண்ணாங்கட்டியாவது என்று ஆகிவிட்டது எனக்கு. அட்டையை எடுத்துச் சத்தமாக வாசித்தேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. "அம்புட்டும் பொய். இது பூத்த எருவுல நான் வளத்த நாத்து. இவிய மிதிச்சது போக மிஞ்சுனது" என்றேன்.

"ஒனக்கு வாசிக்கத் தெரியுமா?" என்றார் காரியஸ்தர். அவருக்குக் கேட்கத் தோன்றியது அது ஒன்றுதான்.

மதுரையிலிருந்து வந்திருந்த விவசாய அதிகாரி பெட்டி மண்ணை விரலால் கிளறினார். பச்சைப் பூசணம் தெரிந்தது. "துத்தம் தூவுன மண்ணுல இது இப்படிச் செழிச்சிருக்காதேய்யா" என்று காரியஸ்தரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நோய்ப் பூசணத்தத் திங்கிற நல்ல பூசணமும் உண்டும்மா. இது அந்த வகையா இருக்கலாம்" என்று ஒரு சிட்டிகை மண்ணைக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பொட்டலத்தின் மேல் அவர் எழுதியது பண்ணையாரின் பெயர்!

"எம் பேர எழுதுங்கய்யா" என்றேன். சிரித்தாரே தவிர எழுதவில்லை. நான் அவர் பென்சிலை வாங்கி, அட்டையின் பின்பக்கத்தில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, நாற்றின் முன்னால் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த போகத்துக்கு நிலத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னமும் அடங்கவில்லை. ஆனால் அன்று வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால், நிலம் கையில் இருந்திருந்தாலும் அந்த மண்ணில் என்னால் நிமிர்ந்து நின்றிருக்க முடியாது.