பீஸ் ரேட் வந்த அன்றைக்கு

எழுபதுகளின் கடைசி. ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ரோடு போடுவதற்காக ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தோம். நான் கீழே படவேட்டுக்காரன். அம்மா போனபிறகு வீட்டில் பேச்சுக்கு ஆளில்லை. ஆள் எடுக்கிறார்கள் என்றதும் மலையேறிவிட்டேன். மலையில் மட்டும் பேச்சுக்கு ஆள் கிடைத்துவிட்டதா என்று கேட்காதீர்கள். மற்றவர்கள் எல்லாரும் அந்த மலை ஊர்க்காரர்கள். பொழுது சாய்ந்தால் கும்பலாகப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். நான் மட்டும் சாமான் கொட்டகையில்.

துணைக்கு ஒரு புத்தகம் இருந்தது. கலசப்பாக்கத்துப் பழைய பேப்பர் கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த வியாபார இங்கிலீஷ். அட்வான்ஸ், ஓவர்டைம், டிஸ்மிஸ் என்று சத்தம் போட்டுப் படிப்பேன். மனுஷக் குரல் ஒன்று காதில் விழவேண்டுமே, அதற்குத்தான். அதனாலேயே, வடக்கத்திக்கார சூப்பர்வைசர் இங்கிலீஷில் சொல்வதைத் தமிழில் எடுத்துச்சொல்வதும் என் வேலையானது. அந்த நேரத்தில் மட்டும் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் காலையில் அவர் "பீஸ் ரேட்" என்றார். அந்த வார்த்தை என் புத்தகத்தில் இருந்தது.

"இன்னாவாம்?" என்றார் கூட்டத்தில் பெரியவர் ஒருவர்.

"இனிமே நாள் கூலி இல்லீங்க. அவங்கவங்க உடைச்சதைப் பெட்டியில அளந்து, அதுக்குத்தான் காசு. ரெண்டு பெட்டிக்குக் கொறைஞ்சா நாளைக்கு வரவேணாமாம்."

"அவர் கையில சுத்தியைக் குடு. எத்தினி பெட்டி தேறுதுன்னு பாப்போம்."

பெரியவர் இப்படிச் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை கொப்புளிக்க உடைத்தாலும் எனக்கு ஒரு பெட்டி நிறைவதே பெரும்பாடு. திரும்பவும் அந்த வெறும் வீடுதானா என்று நினைத்துக்கொண்டே அன்றைக்குச் சுத்தியலை ஓங்கினேன்.

சாயங்காலம், அளவுப் பெட்டி வருவதற்கு முன்னால், அவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அவரவர் ஜல்லியைக் கூடை கூடையாக அள்ளி ஒரே குவியலாகக் கொட்ட ஆரம்பித்தார்கள். சாமை அறுப்பில் ஒருத்தர் கொல்லையை எல்லாரும் சேர்ந்து முடிக்கிறவர்கள் அவர்கள். தங்கள் கிழவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்று புரிந்தது. எனக்கு யார் இருக்கிறார்கள்? என் குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பெண் கூடையோடு வந்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் என் ஜல்லியை அள்ளினாள்.

"இது என்னுதும்மா."

"தனியா வெச்சினு இன்னா பண்ணப் போறண்ணே? எழுந்திரு, அந்தப் பக்கம் புடி."

பிடித்தேன்.

சூப்பர்வைசர் வந்து, யார் யாருடையது எவ்வளவு என்று கேட்டார். பெரியவரிடம் எடுத்துச்சொன்னேன். "எல்லாரும்தான் உடைச்சோம். அளந்துக்கச் சொல்லு" என்றார். அந்தக் குவியலுக்கு என் புத்தகத்தில் வார்த்தை இல்லை. கையைச் சுற்றிக் காட்டி, கடைசியில் என் நெஞ்சையும் தொட்டு, "ஆல்" என்றேன். சூப்பர்வைசர் கத்திப் பார்த்தார், அப்புறம் அளந்தார். ஆளுக்கு ரெண்டு பெட்டி தேறியது. யாரையும் நிறுத்தவில்லை.

அன்றைக்கும் அவர்கள் கும்பலாகத்தான் வீட்டுக்குப் போனார்கள், நான் கொட்டகைக்குத்தான். ஆனால் புத்தகத்தைத் திறக்கவில்லை.

ஒண்டியாக இருக்கிறவனைச் சேர்த்துக்கொள்ள அவனிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். இப்போதும் கல்யாணப் பந்தியில் யாராவது ஓரமாகத் தனியாக உட்கார்ந்திருந்தால், என் இலையை அவர் பக்கத்தில் போடச் சொல்லிவிடுகிறேன்.