நிறைந்த அரங்கில் இருபத்து மூன்று பேர்

நாடக அரங்கின் விளம்பரப் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை பார்த்தவளை எல்லோரும் போஸ்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். போஸ்டர் ஒட்டுவது பெயருக்குத்தான். முக்காலே மூணுவீசம் வேலை மனிதர்களோடு. முந்நூறு இருக்கைகளை யாரால் நிரப்பலாம் என்பது அவளுக்கு அத்துபடி. முழங்கால் வலிக்காரருக்கு ஓர இருக்கை வேண்டும். காது மந்தமான அம்மாவைக் கூட்டிவரும் வங்கிக்காரருக்கு முன்வரிசை. சாவு வருகிற நாடகம் என்றால், போன வருடம் மனைவியை இழந்த பல் டாக்டரைக் கூப்பிடக் கூடாது. இதையெல்லாம் ஒரு தடித்த நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

அந்த நோட்டைத்தான் கோட்டுக்காரர் ஒருநாள், "சும்மா பாத்துட்டுத் தரேன்" என்று வாங்கிப் போனார். கொளுத்தும் வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்த வாரமே முதலாளியம்மா முன்னால் திரை கட்டி, கலர் கலராகப் படம் காட்டி, 'ரசிகர் ஆய்வு' என்று விளக்கினார். பல் டாக்டரின் துக்கம் உட்பட அத்தனையும் அதில் இருந்தது, போஸ்டரக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் காத்திருந்த தலைவர் பதவி அவருக்குப் போனது. அவளுக்குக் கிடைத்தது அழைப்பிதழை உறையில் போட்டு ஒட்டும் வேலை.

"அப்புறம், ஒவ்வொருத்தருக்கா போன் பண்றதை நிறுத்திடுங்க. ரொம்பப் பழைய பாணி," என்றார் கோட்டுக்காரர்.

"சரி சார்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. இந்த ஆளை மண்ணைக் கவ்வ வைக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டாள்.

வாய்ப்பு புது நாடகத்தோடு வந்தது. அந்த அரங்கில் ஒரு வழக்கம் உண்டு. புது நாடகம் என்றால் முதல் மூன்று நாளும், டிக்கெட் கால்வாசிகூட விற்காமலேயே, வாசலில் 'அரங்கு நிறைந்தது' பலகையை மாட்டிவிடுவார்கள். இணையத்திலும் விற்பனையை மூடிவிடுவார்கள். டிக்கெட்டே கிடைக்கவில்லையாம் என்று ஊரில் பேச்சு கிளம்ப வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அப்படியும் அந்த மூன்று நாள் உள்ளே கூட்டம் இருந்ததென்றால் அதற்குக் காரணம் போஸ்டரக்காவின் போன். "பலகையெல்லாம் சும்மா. உங்களுக்கு சீட் இருக்கு, வாங்க" என்று ஒவ்வொருவரிடமும் ரகசியம் சொல்லிவிடுவாள். நோட்டில் எழுதாத ஒரே விஷயம் அதுதான்.

வெள்ளிக்கிழமை கோட்டுக்காரர் பலகையை மாட்டச் சொன்னார். மாட்டினாள். கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்து நேராக்கியும் வைத்தாள். பிறகு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் போய் நின்றுகொண்டாள். வந்தவர்களெல்லாம் பலகையை வாசித்து, உச்சுக்கொட்டித் திரும்பினார்கள். வங்கிக்காரர் அம்மாவின் கையைப் பிடித்து மெதுவாகப் படியேற்றினார், வாசித்தார், அதே மெதுவாக இறக்கினார். ஓடிப்போய்க் கூப்பிடலாமா என்று ஒரு கணம் கால் பரபரத்தது. கூப்பிடவில்லை.

உள்ளே நிருபர்களையும் சேர்த்து இருபத்து மூன்று பேர். கோட்டுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கதவிடுக்கில் கண்டாள். பொய் சொல்வானேன், அவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது. "மூணு நாள் பொறுங்க, பத்திக்கும்," என்று அவர் மறுநாளும் பலகையை மாட்டச் சொன்னார். அதற்கடுத்த நாளும்.

மேடையில் நிற்பது யார் என்பதை மட்டும் அவள் வசதியாக மறந்திருந்தாள். கதாநாயகி அவளுடைய நாத்தனார். பன்னிரண்டு வருடம் வேலைக்காரியாகவும் பிணமாகவும் நடித்துவிட்டு, இப்போதுதான் முதல்முறையாக நாயகி வேஷம். ஞாயிற்றுக்கிழமை நாடகம் முடிந்ததும் ஒப்பனை அறையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணி, நான் நல்லா பண்ணலையா?"

"யாருடி சொன்னா? பிரமாதமா பண்ற."

"அப்புறம் ஏன் யாருமே வரல?"

போஸ்டரக்கா குனிந்து, கீழே கிடந்த வேஷப் புடவையை எடுத்து மடித்தாள். நாளைக்கு முதலாளியம்மா முன்னால் நடக்கும் கூட்டத்தில் அந்த ஆளின் மானம் கப்பலேறட்டும், சாயங்காலமே எல்லோரையும் போன் போட்டு வரவழைத்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கப்பலேறியது வேறு மானம்.

"விளம்பரத்துல ஒரு குறையும் இல்ல மேடம். அந்தப் பொண்ணு எடுபடல. நாடகத்தை நிறுத்திடலாம்," என்றார் கோட்டுக்காரர் கூசாமல். முதலாளியம்மா யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

போஸ்டரக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்து விழுந்தது.

"எடுபடுதா இல்லையான்னு பாக்க உள்ள ஆளு வரணும்ல? பலகையைப் பாத்துட்டு நூத்துத் தொண்ணூறு பேர் திரும்பிப் போனாங்கம்மா. எதிர்க்கடையில நின்னு எண்ணிட்டிருந்தேன். பலகை சும்மான்னு நான் போன்ல சொன்னாத்தான் உள்ள வருவாங்க. பண்ணாதன்னு இவர் சொன்னார். நானும் வேணும்னேதான் பண்ணல."

"வேணும்னேவா?"

"ஆமா, இவர் மூக்கை உடைக்கத்தான். பதினாலு வருஷம் நான் எழுதினதைத் தன்னோடதுன்னு உங்ககிட்ட காட்டினாரே, அதுக்கு. ஆனா அவளை விட்டுடுங்க. அவ நடிப்புல குறையே இல்ல. ஒரு வாரம் குடுங்க, அரங்கை நிரப்பிக் காட்டுறேன்."

கோட்டுக்காரர் அவளை நோக்கி விரலை நீட்டினார். "மேடம், இது துரோகம். இவங்களை உடனே..."

முதலாளியம்மா கையமர்த்தினார். அவருடைய குரலும் சூடாகத்தான் இருந்தது. "நாடகம் நடக்கட்டும். ஆனா மூணு நாள் என் அரங்கைக் காலியா போட்டிருக்க. உன்னை நான் என்ன பண்றது?"

"என்னை என்ன வேணா பண்ணுங்கம்மா," என்றாள் போஸ்டரக்கா. "ஆனா முதல்ல அவரை என்ன பண்ணுவீங்களோ, அதைப் பண்ணுங்க. நான் பாத்துட்டுப் போறேன்."