ஆகவே சாரின் விதிகள்

நான் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஆகவே சார் தீர்ப்பு சொல்லிவிடுவார். "குடை நனைஞ்சிருக்கு, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு. ஆகவே, பஸ்ஸை விட்டுட்டே!" நான் பஸ்ஸில் வருவதே இல்லை, குடையும் என்னுடையதல்ல. அதெல்லாம் அவருக்கு அநாவசியம்.

ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் எனக்கு எதிர் மேசைக்காரர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா, ஒன்றிலும் மை கிடையாது. எதையும் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அவர் ஜாதகத்திலேயே இல்லை. "பசிக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?" என்று அவர் மனைவி என்னிடமே போனில் புலம்பியிருக்கிறார்.

எலும்பு மஜ்ஜை தானத்துக்காக நோயாளிகளின் உறவுத் தகவல்களைச் சேர்த்து வைத்திருக்கிறோம். இன்னாருக்கு இன்னார் தாய் என்று துண்டு துண்டாக இருக்கும். அதிலிருந்து, மஜ்ஜை பொருந்த அதிக வாய்ப்புள்ள உடன்பிறந்தவர்களைக் கண்டுபிடிப்பதில்தான் எங்களுக்குள் ஓயாத சண்டை. வேண்டும்போது ஒரு வினவல் எழுதிக் கணினியைக் கேட்டுக்கொள்ளலாம் என்பது என் கட்சி. அவருக்கோ விதிதான் உயிர். "ஒரே அம்மான்னா கூடப்பிறந்தவங்கன்னு ஒரு தடவை சொல்லிட்டா போதும். மிச்சத்தை மிஷினே ஊகிச்சு எழுதி வச்சுக்கும். நீ என்னடான்னா தினம் தினம் அதை நச்சரிக்கிறே!"

விதியைப் போட்டார். மிஷினும் ஊகித்தது. ரத்தப் புற்றுநோயோடு மூன்றாவது மாடியில் படுத்திருக்கும் தையல்காரம்மாவுக்குச் சகோதரி கிடைத்துவிட்டாள் என்று, பதிவு எண்ணை மட்டும் பார்த்து, வார்டுக்குப் போன் செய்துவிட்டார். பிறகு நான் பெயரைப் பார்த்தால் அது அந்த அம்மாவேதான்! அவளுக்கும் அவளுக்கும் ஒரே தாய்தானே. வேறு நேரமாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். மஜ்ஜை கிடைக்காவிட்டால் அவள் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"தன்னைத் தவிரன்னு போட விட்டுட்டேன்," என்று முனகினார். பிறகு வீம்பை விழுங்கிக்கொண்டு, "நீயே கேளும்மா," என்று விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். நான் ஜம்பமாக வினவல் எழுதினேன். தன்னைத் தவிர என்பதையும் மறக்காமல் சேர்த்தேன். ஒருவரும் இல்லை என்று பதில் வந்தது.

மனிதர் எழுந்து படியேறினார். நானும் பின்னால் ஓடினேன். கட்டிலருகே போய்த் தொண்டையைச் செருமினார்.

"தப்பாச் சொல்லிட்டேன்மா, மன்னிச்சுக்குங்க. நெஜமாவே கூடப்பிறந்தவங்க யாரும் இல்லையா?"

அவள் போர்வை நுனியை இழுத்து மடித்தாள். "தம்பி ஒருத்தன் இருக்கான் சார். பிறந்ததுமே சித்திக்குத் தத்து கொடுத்துட்டாங்க. எல்லா சர்டிபிகேட்லயும் சித்திதான் அவனுக்கு அம்மா. ஒரு சண்டையில பேச்சு விட்டுப்போச்சு. டாக்டர் கேட்டப்பகூட யாருமில்லைன்னுட்டேன். ஆனா ஆள் கிடைச்சிருக்குன்னு நீங்க போன் பண்ணினப்ப, பாழாப்போன மனசு அவனைத்தான் நினைச்சுது."

"அவர் நம்பர் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார் ஆகவே சார்.

அவள் எண்ணைச் சொல்லச் சொல்ல, ஆகவே சார் தன் போனில் அழுத்தினார். அவளுடைய ஒரு கையில் டிரிப்ஸ், மறு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவரே போனை அவள் காதருகே பிடித்துக்கொண்டார்.

"தம்பி..." என்றாள்.

"அக்காவா?" என்றது அந்தப் பக்கம்.

ஆகவே சார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கையை மட்டும் எடுக்கவில்லை.