முதல் போன் யாருக்கு

கம்பெனியில் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்த மேனேஜர் உட்பட. கண்காணிப்பு அறையில் திரையைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குக் கண் பூத்துவிட்டது. பெரிய கட்டடங்களின் கூரையில் தீயணைக்கும் தண்ணீர்க் குழாய் ஓடுகிறதே, அதற்கெல்லாம் காவல் இந்த அறைதான். யாராவது வால்வை மூடினால் திரையில் மஞ்சள் வரும். கட்டடத்துக்குப் போன் போட்டுத் திறக்கச் சொல்ல வேண்டும். நெருப்புச் சூட்டில் குழாயின் வாய் திறந்து தண்ணீர் ஓடினால் சிவப்பு. சிவப்பென்றால் முதல் போன் தீயணைப்பு நிலையத்துக்கு, அப்புறம்தான் கட்டடத்துக்கு. இதில் ஆனால், இருந்தாலும் என்ற பேச்சே கிடையாது.

நிஜமான நெருப்பு என்னவோ எப்போதாவதுதான். மற்றதெல்லாம் பம்ப் திடீரென்று தண்ணீரை முக்கித் தள்ளுவது, பெயிண்ட் அடிப்பவன் ஏணியால் இடிப்பது. நாள் முழுக்கப் போனில் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், மகள் "அம்மா" என்று கூப்பிட்டாலே எரிச்சல் வரும். பாவம், அந்தப் பிள்ளை என்ன செய்யும்!

சிவப்பு அதிகம் வருவது அவள் தம்பி வேலை பார்க்கும் கட்டடத்திலிருந்து. எந்த வேலையிலும் கால் ஊன்றாத அவன், அக்கா கையைக் காலைப் பிடித்து வாங்கிக்கொடுத்த இந்தப் பராமரிப்பு வேலையில் அதிசயமாக நிலைத்துவிட்டான். கோபித்துக்கொண்டு தாய்வீடு போயிருந்த அவன் மனைவி, இந்த வேலையை நம்பித்தான் திரும்பி வந்தாள். அந்தக் கட்டடத்துப் பம்ப்போ சரியான சனியன். தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு வரும், ஒன்றுமில்லை என்று திட்டிவிட்டுப் போகும். இன்னொரு தடவை வண்டி வீணாக வந்தால் பெட்டியைக் கட்டு என்று கட்டடத்து முதலாளி தம்பியிடம் சொல்லிவிட்டார். பம்ப்பை மாற்ற மட்டும் அந்த மகராசனுக்கு மனம் வரவில்லை.

"முதல்ல எனக்குப் போடுக்கா. ஓடிப்போய்ப் பாத்துட்டுச் சொல்றேன். கூடப் பொறந்தவனுக்கு இதுகூடச் செய்யமாட்டியா?" என்று தம்பி கெஞ்சினான்.

போன வாரம் செய்தாள். எட்டாவது மாடியில் சிவப்பு வந்ததும் தம்பிக்குப் போட்டாள். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள், "பாத்துட்டேன்க்கா, ஒண்ணுமில்ல" என்றான். பின்னால் டீக்கடையில் கிளாஸ் கழுவும் சத்தம் கேட்டது. எட்டாவது மாடியில் தையல் கூடம்; துணிக் குவியலுக்கு நடுவே பெண்கள் உட்கார்ந்து தைக்கிறார்கள். அக்கா எதுவும் கேட்காமல் போனை வைத்தாள். பயம் மட்டும் வாரம் முழுக்க விடவில்லை.

இன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரம், அதே கட்டடம், அதே எட்டாவது மாடி, சிவப்பு. பம்ப்தான், பம்ப்தான் என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் தீயணைப்பு நிலையத்தை அழைத்தாள். அப்புறம் தம்பியை.

"வண்டி வருது. எல்லாரையும் கீழ இறக்கு."

"அக்கா! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

கடைசியில் பம்ப்தான்.

சாயங்காலம் அவள் திரும்பியபோது தம்பி வாசலில் பையோடு நின்றான். வேலை போய்விட்டது, மனைவியிடம் சொல்லத் தைரியமில்லை. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே உட்காரவைத்துச் சோறு போட்டாள். அவன் தட்டைத் தொடவில்லை.

"ஒரே ஒரு நிமிஷம், எனக்கு முதல்ல போட்டிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்?"

"போட்டிருந்தா மாடி ஏறியிருப்பியா?"

தம்பி தட்டையே பார்த்தான். "பம்ப்தானேக்கா அது" என்றான்.

"போன வாரம் ஏறினியாடா?"

"இல்லக்கா" என்றான். சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளைபோல் அழுதான். அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழத்தான் தெம்பில்லை. தான் செய்தது சரி என்று தெரிந்ததில் சந்தோஷமும் இல்லை.

"சாப்பிடு. உன் பொண்டாட்டிகிட்ட நானே வந்து சொல்றேன்" என்று எழுந்துபோய், கழற்றிய செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.